கேஸ் தானாகக் குறையாது

என்னை வேலையைவிட்டு அனுப்பிய நாளில் மதியச் சாப்பாடு பஃபே. கடலூரில் ஒரு ஹோட்டலின் மாடியில் எங்கள் மாதாந்திரக் கூட்டம் நடந்தது. நான் ஒரு மருந்து கம்பெனியில் இருபத்தொரு வருடம் மெடிக்கல் ரெப்பாக இருந்தவன். கடலூரும் சிதம்பரமும், இடையில் இருக்கும் ஊர்களும், மேற்கே காட்டுமன்னார்கோயில் வரைக்கும் என் பகுதி. தட்டில் தயிர்சாதம் போட்டுக்கொண்டு திரும்பியபோது மண்டல மேலாளர் என் தோளில் கை வைத்தார். அவருக்கு முப்பத்திரண்டு வயதிருக்கும்.

"சார், சாப்ட்டுட்டு ஒரு அஞ்சு நிமிஷம் பக்கத்து ரூமுக்கு வாங்க."

பக்கத்து அறையில் என் ராஜினாமாக் கடிதம் டைப் செய்து தயாராக இருந்தது. குடும்பச் சூழ்நிலை காரணமாக நானே விலகிக்கொள்வதாக எழுதியிருந்தது. கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி.

"குடும்பத்துல அப்படி ஒண்ணும் சூழ்நிலை இல்லீங்களே" என்றேன்.

"அது சும்மா ஃபார்மாலிட்டி சார். நீங்களா போற மாதிரி இருந்தா உங்களுக்கும் மரியாதை. இந்த வயசுல அலையறது கஷ்டம் இல்லியா?"

எனக்கு நாற்பத்தாறு. என்ன தப்பு செய்தேன் என்று கேட்டேன். தப்பு ஒன்றும் இல்லையாம். டாக்டர்கள் ரெப்பைப் பார்ப்பது குறைந்துவிட்டதாம், எல்லாம் போனிலேயே முடிந்துவிடுகிறதாம். அந்தக் கடிதத்தைக் கிழித்து மேஜைமேல் போட்டுவிட்டு வந்திருக்கலாம். போடவில்லை. இருபத்தொரு வருடம் 'சரிங்க சார்' சொல்லிப் பழகிய வாய் அன்றைக்கும் அதையே சொன்னது. கையெழுத்துப் போட்டேன். என் தோல்பையை வாங்கிக்கொண்டவர் உள்ளே இருந்த மூக்குக்கண்ணாடிக் கூட்டை மட்டும் எடுத்து என்னிடம் கொடுத்தார். அவர்மேல் எனக்கிருக்கும் கோபத்தைவிட, அந்தக் கையெழுத்தின்மேல் இருக்கும் கோபம் பெரிது. இன்னும் ஆறவில்லை.

அந்த வேலையைப் பற்றி நான் உயர்வாகச் சொல்லப்போவதில்லை. காத்திருப்பதுதான் அந்த வேலை. கிளினிக் வராந்தாவில், நோயாளிகள் எல்லோரும் பார்த்து முடிக்கும்வரை, டை கட்டிக்கொண்டு. உள்ளே போனால் ஒரு நிமிடம் கிடைக்கும். அந்த ஒரு நிமிடத்தில் கம்பெனி அச்சடித்துக் கொடுத்ததை மூச்சுவிடாமல் ஒப்பித்துவிட்டு, "கொஞ்சம் சப்போர்ட் பண்ணுங்க சார்" என்று முடிக்கவேண்டும். கடலூரில் கூட்டம் அலைமோதும் ஒரு டாக்டரைப் பதினெட்டு வருடம், மாதம் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். அவருக்கு என் பெயர் தெரியாது. நான் கொண்டுபோகும் இருமல் மருந்தின் பெயரைச் சொல்லி, "வாப்பா" என்பார். நடுவில் கம்பெனியே அந்த மருந்தை நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகும் எனக்கு அதே பெயர்தான். நானும் சிரித்துக்கொண்டே உள்ளே போவேன்.

வீட்டில் சொன்னபோது என் மனைவி அழவில்லை. அவள் முதுநகரில் ஒரு நர்சரி பள்ளியில் டீச்சர். "எங்கிட்ட ஒரு வார்த்தை போன் பண்ணிக் கேட்டுட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கலாம் இல்ல?" என்று மட்டும் கேட்டாள். பிறகு இரண்டு நாள் பேசவில்லை.

என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, சிதம்பரத்தில் ஒரு தனியார் கல்லூரியின் அலுவலகத்தில் பெரிய பொறுப்பில் இருக்கிறான். பத்துப் பேரைத் தெரிந்தவன். அவனிடம் ஏதாவது வழி கேட்கலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். நல்ல கத்திரி வெயில். அவன் வீட்டில் ஏசி ஓடவில்லை. ஒரு மெக்கானிக் ஏணி போட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். மச்சான் கீழே நின்று சத்தம்போட்டுக்கொண்டிருந்தான்.

"போன வருஷம் வந்தவன் பத்து நிமிஷத்துல கேஸ் அடிச்சிட்டுப் போனான். நீ காலையிலேர்ந்து இன்னா நோண்டிக்கிட்டே இருக்கிற?"

மெக்கானிக் திரும்பிப் பார்க்காமல் பதில் சொன்னார். "அவரு அடிச்ச கேஸு எங்க சார் போச்சு? ஃப்ரிட்ஜ்ல பத்து வருஷம் அதே கேஸ்தான இருக்குது. ஏசியில மட்டும் வருஷா வருஷம் எப்படிக் கொறையும்? கேஸ் தானா கொறையாது. எங்கியோ ஓட்டை இருக்குது. அத அடைக்காம அடிச்சா அடுத்த வருஷமும் நீங்க என்னத்தான் திட்டுவீங்க."

அவருக்கு முப்பது, முப்பத்தொன்று வயது. கீரப்பாளையத்துப் பக்கம் விவசாயக் குடும்பம், மஸ்கட்டில் ஆறு வருடம் இதே வேலை பார்த்துவிட்டு வந்து சிதம்பரத்தில் கடை போட்டவர் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. அன்று அவர் டார்ச் பிடிக்க ஆள் இல்லாமல் பல்லில் கடித்துக்கொண்டிருந்தார். நான் வாங்கிப் பிடித்தேன். செம்புக் குழாயில் காற்றை ஏற்றி, சோப்பு நுரையை ஒவ்வொரு இணைப்பிலும் தடவிக்கொண்டே வந்தார். மூன்றாவது இணைப்பில் கடுகளவு ஒரு குமிழி வந்தது. உடைந்தது. அடுத்தது வந்தது.

"பாத்தீங்களா?" என்றார் என்னிடம்.

பார்த்தேன். இருபத்தொரு வருடம் நான் பேசியதில் ஒன்றையும் நான் கண்ணால் பார்த்ததில்லை. என் மருந்து யாருக்குக் கேட்டது, யாருக்குக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியாது. இங்கே ஒரு மனிதர், யாரையும் கெஞ்சாமல், ஓட்டை இருக்கிறது என்றார். இருந்தது. மச்சான் உள்ளே போய்க் காபி சொன்னான்.

காபி வந்தது. எனக்குப் பீங்கான் கோப்பையில், அவருக்குப் பேப்பர் கப்பில். அன்று நான் அதைக் கவனிக்கவே இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிடவேண்டும். ஒரு வருடம் கழித்து, வீடு வீடாக எனக்குப் பேப்பர் கப் நீட்டியபோதுதான் அது ஞாபகத்துக்கு வந்தது.

முதலில் நான் முறையாகப் படிக்கத்தான் ஆசைப்பட்டேன். ஒரு பயிற்சி நிலையத்துக்குப் போய் ஏசி மெக்கானிக் வகுப்புக்கு விண்ணப்பம் கேட்டேன். மேஜையில் இருந்தவர் படிவத்தை நீட்டி, "பையன் மார்க் ஷீட் எடுத்துட்டு வந்திருக்கீங்களா?" என்றார். எனக்குத்தான் என்றேன். நீட்டிய படிவத்தை அவர் திரும்ப இழுத்துக்கொண்டார். வயது வரம்பு தாண்டிவிட்டதாம்.

"உங்க வயசுல எல்லாரும் ரிடையர்மென்ட்டுக்கு பிளான் பண்ணுவாங்க சார்" என்று சொல்லிப் பக்கத்து மேஜைக்காரரைப் பார்த்துச் சிரித்தார்.

வேலையில் வைத்துக்கொள்ள எனக்கு வயது ஜாஸ்தி. வேலை கற்றுக்கொள்ளவும் வயது ஜாஸ்தி. அப்படியென்றால் நாற்பத்தாறு வயதுக்காரன் மிச்சமிருக்கும் காலம் முழுக்க என்ன செய்வான் என்று இவர்கள் யாராவது ஒரு நிமிடம் யோசித்திருக்கிறார்களா?  

நேராகச் சிதம்பரம் பஸ் ஏறி அந்த மெக்கானிக் கடைக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"விளையாடுறீங்களா சார்? நீங்க டை கட்டின ஆளு."

"டை போயிடுச்சு தம்பி."

"ஏணி ஏறுவீங்களா? ரெண்டு மாடி வெளிச் செவுத்துல தொங்கணும்."

"ஏறிப் பாத்தாதான் தெரியும்."

அவர் கைத்துணியை ஓரமாகப் போட்டார். "கேள்வி எவ்ளோ வேணாலும் கேளுங்க. வாதம் பண்ணக்கூடாது. மொத மூணு மாசம் ஃபில்டர் கழுவறதுதான் வேலை. இது எனக்கு ஏத்ததா இல்லியான்னு முகத்தச் சுளிச்சா அன்னிக்கே கெளம்பிடணும்."

சரி என்றேன். இந்த முறை வீட்டில் கேட்காமல் சரி சொல்லிவிட்டோமே என்பது பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் உறைத்தது. மனைவி அதைத்தான் பிடித்துக்கொண்டாள். "போறதுக்கும் எங்கிட்ட கேக்கல, சேர்றதுக்கும் கேக்கல. இந்த வீட்ல நான் யாருங்க?"  மெக்கானிக் வேலை என்பதில் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை என்பது எனக்குப் புரியவே பல வாரங்கள் ஆயின. அதுவரைக்கும் அவள் வெட்கப்படுகிறாள் என்று நானாக நினைத்துக்கொண்டு அவளிடமும் எரிந்து விழுந்தேன்.

தினமும் காலை ஏழு மணி பஸ். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், முட்லூர் என்று நான் வருடக்கணக்காகப் பையோடு போன அதே வழி. வெள்ளாற்றுப் பாலம் தாண்டும்போது முன்பெல்லாம் டையைச் சரிசெய்துகொள்வேன். இப்போது சாயம்போன சட்டை, தோளில் ஒரு துணிப்பை. எனக்குத் தெரிந்த ஒரு மருந்துக்கடைக்காரர் வாரத்தில் நான்கு நாள் அதே பஸ்ஸில் வருவார். முதல் நாள் "லீவா சார்?" என்றார். தலையாட்டினேன். இரண்டாம் நாளும் கேட்டார். மூன்றாம் நாள் சொல்லிவிட்டேன்.

"ஏசி வேலை கத்துக்கப் போறேன்."

"ஏன் சார், நல்லாத்தான இருந்தீங்க?" என்றார், ஏதோ வியாதி வந்ததைக் கேட்பதுபோல.

"இப்பவும் நல்லாத்தான் இருக்கேன்."

அவர் நம்பவில்லை. அதற்குப் பிறகு என்னைப் பார்த்தால் முன்பக்கம் போய் உட்கார ஆரம்பித்தார். என் தரித்திரம் தொற்றிவிடும் என்று பயந்தாரோ என்னவோ. பதினைந்து வருடம் அவர் கடையில் நின்று டீ குடித்திருக்கிறேன்.

கற்றுக்கொள்வது எளிதாக இருந்தது என்று சொல்லமாட்டேன். ஃபில்டர் கழுவினேன். காயில் என்கிற குழாய்ச் சுருளைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினேன். ஏணியின் நான்காவது படிக்குமேல் முதல் இரண்டு வாரம் என்னால் போக முடியவில்லை. ஒயரின் நிறம் பார்க்கக் கிட்டப்பார்வைக்கு ஒரு கண்ணாடி, ஏணியில் நிற்கும்போது எட்டப்பார்வைக்கு ஒன்று. வியர்வையில் இரண்டும் மூக்கிலிருந்து வழுக்கும். இரவில் தோள்பட்டை வலி இறங்காது. செம்புக் குழாய்களை நெருப்பில் காட்டி, பற்றுக்கம்பியை உருக்கி ஒட்டுவதுதான் இந்தத் தொழிலில் பெரிய வித்தை. சூடு குறைந்தால் ஒட்டாது, கூடினால் குழாய் ஓட்டையாகிவிடும். நான் ஒட்டிய முதல் இருபது குழாய்களிலும் குமிழி வந்தது.

ஒருநாள் ஒரு வாடிக்கையாளர் வீட்டு மொட்டைமாடியில் வால்வு பக்கத்தில் ஒட்டும்படி மெக்கானிக் என்னிடம் சொன்னார். நான் நெருப்பைக் காட்டினேன். வால்வின்மேல் ஈரத்துணி சுற்றிவிட்டுத்தான் காட்டவேண்டும். மறந்துவிட்டேன். உள்ளே இருந்த ரப்பர் உருகி வால்வே போய்விட்டது.

"யோவ், அறிவிருக்குதா? துணி சுத்தாம யாரு உன்ன நெருப்பு காட்டச் சொன்னது?"

வீட்டுக்காரரும் அவர் மனைவியும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் படி இறங்கித் தெருமுனை டீக்கடைக்குப் போய் நின்றேன். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன். என் கல்யாணத்தின்போது இவன் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பான். இப்படியே பஸ் ஏறிவிடுவது என்றுதான் நினைத்தேன். டீ ஆறிப்போனது. வால்வு போனது என்னால்தான் என்பது மட்டும் எப்படிப் பார்த்தாலும் மாறவில்லை. திரும்பி மாடி ஏறினேன். அவர் வால்வைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"யோவ்னு சொன்னது தப்பு. மன்னிச்சிடுங்க" என்றார் தலை நிமிராமல். "துணி சுத்தாதது அத விடத் தப்பு. ரெண்டும் இனிமே நடக்கக்கூடாது. சரியாண்ணே?"

"சரி மாஸ்டர்" என்றேன்.

அதுவரைக்கும் அவர் என்னை சார் என்றும் நான் அவரைத் தம்பி என்றும்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். தோளில் கைபோட்டு சார் சொன்ன மேலாளர் என் கையில் பேனாவைக் கொடுத்து வெளியே அனுப்பினார். யோவ் என்று கத்தியவர் அன்று மாலையே புது வால்வில் என்னையே ஒட்டச் சொன்னார், பக்கத்தில் நின்று. அதில் குமிழி வரவில்லை.

ஏழெட்டு மாதம் போயிருக்கும். மச்சான் மகளுக்குச் சிதம்பரத்தில் ஒரு மண்டபத்தில் காதுகுத்து. கல்லூரிக்காரர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். மச்சான் ஒரு பேராசிரியரை என்னிடம் அழைத்துவந்தான்.

"எங்க மாமா. ஏசி கம்பெனியில ஏரியா மேனேஜர்."

அந்த மனிதர் கைகொடுத்தார். என் கையில் அப்போது தீக்காயம் ஆறாமல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தேன்.

"மேனேஜர் இல்லீங்க" என்றேன். "மெக்கானிக். மேல வீதிக்குப் பக்கத்துலதான் கடை. இன்னும் கத்துக்கிட்டு இருக்கேன்."

அவர் நான் வேடிக்கையாகச் சொல்வதாக நினைத்துச் சிரித்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். மச்சான் என்னை மண்டபத்தின் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

"ஏன் மாமா என் மானத்த வாங்கறீங்க? நான் உங்களுக்கு மரியாதையாத்தான சொன்னேன்."

"எது மரியாதை? நான் செய்யற வேலைய மறைக்கிறதா?"

"கத்துக்கங்க, வேணாங்கல. ஊரு பூரா சொல்லிட்டுத் திரியணுமா? எங்க அக்காவ நெனச்சுப் பாத்தீங்களா?"

அவன் அக்கா அவன் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தாள். "என்ன எதுக்குடா நடுவுல இழுக்கிற?" என்றாள். "இவுரு டாக்டர் வீட்டு வாசல்ல நாலு மணி நேரம் நின்னாரே, அப்ப நீ இவுர மேனேஜர்னு சொல்லல. ரெப்புன்னுதான் சொன்ன. இப்ப மட்டும் ஏன் பொய்? அந்த வேலையில நின்னது கௌரவம், இந்த வேலையில ஏறறது கேவலமா?"

மச்சான் பந்தியைப் பார்க்கப் போனான். நாங்கள் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினோம். பஸ்ஸில் அவள் என் கையை இழுத்துப் பிளாஸ்திரியைப் பிரித்துப் பார்த்தாள். "மருந்து வித்தவருக்கு ஒரு களிம்பு போடத் தெரியல" என்றாள். எங்களுக்குள் இருந்த சண்டை அன்றோடு முடிந்தது.

ஒன்றரை வருடத்தில் மாஸ்டர் என்னைத் தனியாக அனுப்ப ஆரம்பித்தார். கடலூரில் வரும் வேலைகளை, நான் அங்கேயே குடியிருப்பதால், என்னிடமே விட்டுவிடுவார். ஒருநாள் அவர் வாட்சப்பில் அனுப்பிய முகவரியைப் படித்தபோது தெரிந்த இடமாக இருந்தது. பதினெட்டு வருடம் என்னை இருமல் மருந்தின் பெயரால் கூப்பிட்ட அதே டாக்டரின் கிளினிக்.

வரவேற்பில் இருந்த அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார். "இன்னிக்கி ரெப் பாக்கற நாள் இல்லியே சார்."

"ஏசி பாக்க வந்திருக்கேன்மா."

அவர் முகம் ஒரு கணம் குழம்பியது. பிறகு தயங்கித் தயங்கி, "அப்ப பின்பக்கமா வந்துடுங்க. முன்னாடி பேஷண்ட்ஸ் இருக்காங்க" என்றார். அவரைக் குற்றம் சொல்லவில்லை. அது அங்கே வழக்கம். ரெப்புக்கு வராந்தா, மெக்கானிக்குக் குப்பைத்தொட்டி இருக்கும் சந்து.

சந்தில் ஏறி வெளி யூனிட்டைத் திறந்தேன். கடலூரில் கடற்காற்று எதையும் விட்டுவைப்பதில்லை. காயில் முழுக்க வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துக் கிடந்தது. விரல் பட்டாலே தகடுகள் உதிர்ந்தன. நுரை தடவினேன். ஒரு இடத்தில் அல்ல, ஏழெட்டு இடத்தில் குமிழி வந்தது. அடைக்கிற கட்டத்தை அது தாண்டிவிட்டது. காயிலை மாற்றவேண்டும், இல்லையென்றால் யூனிட்டையே மாற்றவேண்டும்.

சொல்ல உள்ளே போனேன். ரெப் பார்க்கும் நாள் இல்லாவிட்டாலும், ஏதோ கருத்தரங்குக்கு அழைக்க வந்த இரண்டு இளம் ரெப்புகள் டாக்டருக்கு முன்னால் பையோடு நின்றிருந்தார்கள். டாக்டர் என்னைப் பார்த்தார். கண்டுபிடித்துவிட்டார். என் பழைய பெயரைச் சொன்னார்.

"நீ அவன்தான? இன்னாய்யா இது கோலம்? பாவமே. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உங்க கம்பெனியில பேசியிருப்பேன் இல்ல?"

நான் பதில் சொல்லுமுன் அந்த இரண்டு பேர் பக்கம் திரும்பினார். "பாத்துக்கங்கப்பா. டார்கெட்ட ஒழுங்கா முடிக்கலன்னா கடைசியில இந்த நெலமதான்."

அவர்கள் சிரித்தார்கள். சிரிக்காமல் இருக்க அவர்களால் முடியாது. நானும் அந்த இடத்தில் நின்று இதைவிட மட்டமான வேடிக்கைக்கெல்லாம் சிரித்திருக்கிறேன். அதனால் அவர்கள்மேல் கோபம் வரவில்லை. 

"டாக்டர், காயில் முழுக்க அரிச்சிடுச்சு. கேஸ் நிக்காது. மாத்தித்தான் ஆகணும்" என்றேன்.

"அதெல்லாம் அப்பறம் பாக்கலாம். இப்ப கேஸ் அடிச்சிட்டுப் போ. உள்ள வேகுது."

"அடிச்சா பத்து நாள்ல போயிடும் டாக்டர்."

"போனா போவட்டும். அடின்னா அடி. உன்ன யோசனை கேக்கவா கூப்ட்டேன்?"

"நான் அடிக்க மாட்டேன்."

அந்த அறையில் அதுவரை நான் 'மாட்டேன்' என்ற சொல்லைச் சொன்னதில்லை. வேறு யாரும் சொல்லியும் நான் கேட்டதில்லை. டாக்டர் பேனாவை மூடினார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "பதினெட்டு வருஷம் உங்ககிட்ட கம்பெனி எழுதிக் குடுத்தத ஒப்பிச்சேன் டாக்டர். அது உண்மையா பொய்யான்னு எனக்கே தெரியாது. நீங்க கேட்டுக்கிட்டீங்க. இன்னிக்குத்தான் எனக்கு நல்லாத் தெரிஞ்ச ஒண்ணச் சொல்றேன். இதக் கேக்க மாட்டேங்கறீங்க. எனக்கு ஒரு நெலமையும் வரல. வேலை கத்துக்கிட்டு வந்திருக்கேன்."

"வெளிய போ" என்றார்.

போனேன். பின்வாசல் வழியாகப் போகவில்லை. முன்வாசல் வழியாக, நோயாளிகள் உட்கார்ந்திருக்கும் ஹாலின் நடுவே, ஏணியைத் தூக்கிக்கொண்டு போனேன். ஒரு குழந்தையின் தலையில் ஏணி இடிக்காமல் அதன் அம்மா இழுத்துக்கொண்டார். அந்த ஒரு விஷயத்தில் நான் செய்தது தவறு.

நான் சிதம்பரம் போய்ச் சேருவதற்குள் மாஸ்டருக்கு போன் வந்துவிட்டது. உன் ஆள் திமிராகப் பேசினான் என்று புகார். மாஸ்டர் எனக்கு ஆதரவாகப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பாதிதான் பேசினார்.

"கேஸ் அடிக்க மாட்டேன்னு சொன்னது கரெக்ட்டுண்ணே. நானா இருந்தாலும் அடிச்சிருக்க மாட்டேன். ஆனா அந்தப் பேச்சு எதுக்கு? நாம ஓட்டையக் காட்டணும், எறங்கி வந்துடணும். அவுங்க மனசுல இருக்கிற ஓட்டையெல்லாம் நம்ம வேலை இல்ல."

"அவரு சொன்னத நீங்க கேக்கல மாஸ்டர்."

"எங்கிட்ட சொல்லாததா? மஸ்கட்ல என் பேரையே மாத்திக் கூப்ட்டானுங்க ஆறு வருஷம். எல்லாருக்கும் பதில் சொல்லிட்டு இருந்தா எப்ப ஏணி ஏறுவீங்க?"

அவர் சொன்னது எனக்கு ஒப்பவில்லை. இன்றும் ஒப்பவில்லை. அவர் இளம் வயதிலேயே கற்றுக்கொண்ட பொறுமை அது. நான் பொறுமையில் இருபத்தொரு வருடத்தைத் தொலைத்தவன். எனக்கு இனி அது வேண்டாம்.

அந்த டாக்டர் வேறு யாரையோ வைத்து கேஸ் அடித்துக்கொண்டார். இரண்டு வாரத்தில் மறுபடி வெந்தது என்று அந்த வரவேற்பு அம்மாதான் சொன்னார், தன் வீட்டு ஏசியைக் காட்ட என்னைக் கூப்பிட்டபோது. கிளினிக்கிலிருந்து எனக்கு அழைப்பு வரவே இல்லை. நான் சொன்னது சரி என்று அவர் ஒப்புக்கொண்டதாகவும் தெரியவில்லை. அப்படி எதுவும் நடக்கும் என்று எதிர்பார்க்கும் வயதும் எனக்கில்லை.

இப்போது முதுநகரில் எனக்குச் சொந்தமாக ஒரு சின்னக் கடை இருக்கிறது. பெரிய வேலை வந்தால் மாஸ்டரைக் கூப்பிடுவேன், அவருக்குக் கடலூரில் வேலை வந்தால் என்னைக் கூப்பிடுவார். மனைவி சாயங்காலம் பள்ளிவிட்டு வந்து போன் எடுப்பாள். யார் வந்து பேசினாலும், "ஓட்டை எங்கன்னு காட்டுவாரு, பாத்துட்டு முடிவு பண்ணுங்க" என்று அவளே சொல்லிவிடுகிறாள்.

போன மாதம் ஊரில் ஒரு சங்கத்துக்காரர்கள் என்னைத் தேடிவந்தார்கள். தன்னம்பிக்கை என்ற தலைப்பில் கூட்டமாம், நான் வந்து பேசவேண்டுமாம். போனேன். செயலாளர் மைக்கைப் பிடித்தார். டாக்டர்களோடு பழகிய ஒரு கௌரவமான மனிதர், காலத்தின் கோலத்தால் கீழே இறங்கி, கேவலம் என்று நினைக்காமல் ஏசி மெக்கானிக் வேலையும் செய்கிறார் என்று அறிமுகப்படுத்தினார். கைதட்டினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மைக் என்னிடம் வந்ததும், "நான் எங்கியும் கீழ எறங்கலீங்க. இந்த வேலை செய்யறவங்க எல்லாரும் கீழ இருக்காங்கன்னு நீங்க நெனைச்சாத்தான் நான் எறங்கின மாதிரி தெரியும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அதற்கும் கைதட்டினார்கள். புரிந்து தட்டினார்களா, பேச்சு சீக்கிரம் முடிந்ததற்காகத் தட்டினார்களா, தெரியவில்லை.

கூட்டம் முடிந்து படி இறங்கும்போது செயலாளர் ஓடிவந்தார்.

"சார், வந்தது வந்தீங்க. அப்படியே நம்ம ஹால் ஏசிய ஒரு பார்வை பாத்துட்டுப் போயிடுங்களேன். கூலிங்கே வரல."

"நாளைக்கி ஏணியோட வரேன். விசிட்டிங் சார்ஜ் உண்டு."

"நம்ம ஃபங்ஷனுக்கு வந்துட்டு சார்ஜ் அது இதுன்னு…" என்று இழுத்தார்.

"டாக்டரக் கூப்ட்டு பொன்னாடை போத்தினா, அப்படியே சுகர் பாத்துட்டுப் போங்கன்னு சொல்வீங்களா?" என்றேன்.

 மூன்று நாள் கழித்து போன் செய்தார். போனேன். மூடியைக் கழற்றினால் ஃபில்டரில் கம்பளிபோல் தூசு, விரல் கனத்துக்கு.

"இத எப்பங்க கழுவினீங்க?"

"கழுவணுமா?" என்றார் செயலாளர்.

 ஃபில்டரை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன்.